இந்த வெயில் ஊரில் ஹீட்டர் எதற்கு

மெக்காலிஸ்டர் ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குள் பக்கிரிசாமி மோட்டார் சைக்கிளை விட்டபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மழை இதோ வருகிறேன் என்று போக்குக் காட்டிக்கொண்டு வராமலே நின்றது. பினாங்கு வெயிலைத்தான் தெரியுமே! மேகத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாலும் ஆளைப் புழுக்கி எடுத்துவிடும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

சந்தின் கடைசியில் விஸ்வலிங்கம் ஐயாவின் வீடு. கீழே கல், மேலே பலகை, வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட கராஜ், அதற்கு இரட்டைப் பலகைக் கதவு. இந்த வீட்டுக்குப் பக்கிரிசாமி எத்தனையோ தடவை விசிலடித்துக்கொண்டு வந்திருக்கிறான். இன்றைக்குக் கேட்டுக்கு வெளியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, உள்ளே போவதா, ஓசைப்படாமல் திரும்பிவிடுவதா என்று நின்றுகொண்டிருந்தான்.

காலையில் ஐயாவின் மனைவி கமலாம்பிகை ஜெலுத்தோங்கில் இருக்கும் அவனுடைய பட்டறைக்குப் போன் போட்டிருந்தார்.

"தம்பி, அவற்ர காடியில ஒரு விளக்கு எரியுது. மஞ்சள் விளக்கு, எஞ்சின் படம் போட்டிருக்கு. பேட்டரியைக் கழட்டி வெச்ச பிறகும் எரியுது. ஒருக்கா வந்து பாருங்கோவன்."

"சரிங்கம்மா, வந்து பாக்குறேன்" என்று போனை வைத்தவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். பேட்டரி இல்லாமல் விளக்கு எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த விளக்குக்குப் பல்பே கிடையாது. டாஷ்போர்டைத் திறந்து அதைப் பிடுங்கி எடுத்தவனே அவன்தான். அந்தப் பல்பு அவன் பட்டறையில், திருகாணி போட்டுவைக்கிற பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பக்கிரிசாமி ஏன் கேட்டுக்கு வெளியில் திருடன்போல நின்றான் என்று உங்களுக்குப் புரியாது.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்து வம்சம். அரசாங்க ஆபீஸில் தலைமைக் கிளார்க்காக இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு, ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய காடி ஒன்றை (எங்கள் ஊரில் காரைக் காடி என்போம்) ஆசையாக வாங்கினார். அதன் புகைக்குழாயில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் உண்டு. புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று மோப்பம் பிடித்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. கம்ப்யூட்டர் அதைக் கேட்டுத்தான் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் நன்றாகச் சூடேறினால்தான் சென்சாருக்கு மூக்கு வேலை செய்யும். அதற்காக அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்திருப்பார்கள். அந்த ஹீட்டர் ஷார்ட் ஆகி, ஃபியூஸைப் போக்கிப் போக்கி, ஐயாவை நடுரோட்டில் நிறுத்திக்கொண்டிருந்தது.

கோளாறைப் பக்கிரிசாமி சரியாகவே பிடித்தான், அதில் குறை சொல்ல முடியாது. அந்த மாதிரிக் காடிகளில் டெஸ்ட் சாக்கெட்டில் ஒரு துண்டு வயரைச் செருகினால் டாஷ்போர்டிலுள்ள மஞ்சள் விளக்கு கோளாறின் நம்பரைச் சிமிட்டிச் சொல்லும். இரண்டு சிமிட்டு, சற்று இடைவெளி, பிறகு ஒரு சிமிட்டு. இருபத்தொன்று. ஆக்சிஜன் சென்சார். அதைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்து, ஹீட்டர்தான் கெட்டுப்போனது என்று உறுதி செய்துகொண்டான். கெப்பாலா பத்தாஸில் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் அப்துல் ரசாக்கிடம் புதுசுக்குச் சொல்லியும் வைத்தான். அது வரும்வரைக்கும் என்ன செய்வது?

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது.

"ஐயா, இது பனி பெய்ற நாட்டுக்காரனுக்கு வெச்சது. இந்த வெயில் ஊர்ல ஹீட்டர் எதுக்கு, சொல்லுங்க? நமக்கே வேர்த்து ஊத்துது, அதுக்குக் குளிரவா போவுது?" என்று சிரித்தான்.

ஐயாவும் சேர்ந்து சிரித்தார். பக்கிரிசாமி ஹீட்டருக்குப் போகும் இரண்டு வெள்ளை வயரையும் நறுக்கென்று வெட்டி டேப் சுற்றினான். ஃபியூஸ் போவது நின்றது. மஞ்சள் விளக்கு மட்டும் விடாமல் எரிந்து மானத்தை வாங்கியது. அதன் பல்பைப் பிடுங்கினான். சென்சாரைத் திரும்ப மாட்டும்போது பழைய வாஷரையே போட்டு, அரைகுறையாக முறுக்கி விட்டான். எப்படியும் புதுசு வந்ததும் கழற்றத்தானே போகிறோம் என்ற அலட்சியம்.

வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவன் செய்கிற தப்பு அது. நம் உடம்பு வேர்க்கிற சூட்டுக்கெல்லாம் அந்தச் சென்சார் மசியாது. காடி நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அது ஆறிப்போய் மூக்கடைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் குருட்டாம்போக்கில் பெட்ரோலைக் கொட்டும். புகையில் விஷம் ஏறும். தளர்ந்த திருகு வழியாக அந்தப் புகை கசியும், ஏர்கான் அதை இழுத்து உள்ளே இருக்கிறவருக்கு ஊட்டும்.

அப்படித்தான் ஊட்டியது. மழை பெய்த ஒரு பிற்பகலில், கராஜ் கதவைச் சாத்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏர்கான் போட்டு உட்கார்ந்த விஸ்வலிங்கம் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

சாத்திய கராஜ், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின், உள்ளே மனுஷர். ஊருக்கு வேறென்ன வேண்டும்? தானே முடித்துக்கொண்டார் என்று பேசிவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து, காடியில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று கேட்டார். "இல்ல துவான், காடி நல்ல கண்டிஷன்" என்று சொல்லிவிட்டான் பக்கிரிசாமி. சொல்லும்போது அப்துல் ரசாக் அனுப்பிய புதுச் சென்சார் அவன் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. ஐயா சாவதற்கு முந்தைய வாரமே வந்து சேர்ந்த சாமான் அது. நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று போட்டு வைத்திருந்தான்.

இப்போது அது அவன் பைக்குள் இருந்தது. ஓசைப்படாமல் மாட்டிவிட்டு, வெட்டிய வயரை ஒட்டவைத்துவிட்டு, சுவடு தெரியாமல் போய்விட வேண்டும். அவன் வந்தது அதற்குத்தான். வெட்கக்கேடு!

கதவைத் திறந்த கமலாம்பிகை பாதியாக இளைத்திருந்தார்.

"வாங்கோ தம்பி. இந்த வீட்டுக்கு இப்ப ஆர் வருகினம்? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக்கூட எங்கட சொந்தம் ஒண்டும் எட்டிப் பாக்கேல்ல. ஐயர் வந்தார், நானும் மகளும் இருந்தம். அவ்வளவுதான்."

பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இண்டைக்குப் பின்னேரம் சம்பந்தி வீட்டார் ஈப்போவில இருந்து வருகினம். கலியாணப் பேச்சை முறிக்கத்தான். தானா உயிரை விட்டவற்ர வீட்டில பொம்பிளை எடுக்கேலாதாம்." அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "கலியாணம் போனாப் போகட்டும் தம்பி. புஷ்பராணி சாப்பிடுறதில்ல, நித்திரை கொள்ளுறதில்ல. 'அப்பா எங்களை வேண்டாமெண்டு விட்டுட்டுப் போட்டார்' எண்டு அதையே சொல்லிக்கொண்டு இருக்கு. பிள்ளையும் எனக்கு மிஞ்சாதோ எண்டு பயமாக் கிடக்கு."

உள்ளே ஜன்னலோரம் ஒரு பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது தெரிந்தது. பக்கிரிசாமிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. 'நான்தாம்மா வெட்டினேன்.' அதைச் சொன்னால் அந்தப் பெண் திரும்பிப் பார்க்கும். அது தெரிந்தும், "கராஜ் சாவி குடுங்கம்மா" என்று மட்டும் கேட்டான்.

"உங்களில அவருக்கு அவ்வளவு நம்பிக்கை" என்று சொல்லிக்கொண்டே அம்மாள் சாவியைக் கொடுத்தார். கராஜ் பக்கம் அவர் வரவில்லை.

பலகைக் கதவை இழுத்துத் திறந்தான்.

முதலில் வாடை. பெட்ரோல், அழுகிய முட்டை, ஈரத் தகரம், அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாகத் திருநீற்று வாடை. கூரையில் ஒரு ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் காடியின் கூரைமேல் விழுந்து கிடந்தது. மற்ற இடமெல்லாம் கருக்கல். கதவைக் கொஞ்சம் அகலத் திறந்து கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே காலை வைத்தான். வெளியில் வேர்த்து நனைந்த சட்டை அடுத்த நிமிஷம் முதுகில் சில்லென்று ஒட்டியது.

அவன் மூச்சு வாயிலிருந்து வெள்ளையாகப் போனது.

பினாங்கில், பட்டப்பகலில்!

காடியின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கமாகப் பனித்திருந்தன. டிரைவர் பக்கக் கண்ணாடியில் மட்டும் யாரோ துடைத்ததுபோல் ஒரு வட்டம். முன்மூடியைத் தூக்கிப் பார்த்தான். பேட்டரியின் இரண்டு கேபிளும் கழன்று தனித்தனியாகத் தொங்கின. பேட்டரி இருந்த இடமே காலி. அது தரையில், சுவரோரம் பழைய பேப்பர்மேல் உட்கார்ந்திருந்தது.

துடைத்த வட்டத்தின் வழியாகக் குனிந்து பார்த்தான்.

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

'இது எங்கேயாவது வெயில் பட்டு மின்னுறது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லி முடிப்பதற்குள் அது அணைந்தது. அப்பாடா என்று மூச்சு விடப் போனான்.

சிமிட்டியது.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

இரண்டு. இடைவெளி. ஒன்று.

பக்கிரிசாமி வாசல் பக்கம் திரும்பிவிட்டான். ஓடியிருப்பான். ஆனால் ஓடினால் அம்மாளிடம் என்ன சொல்வது? வேறு மெக்கானிக்கைக் கூப்பிடுவார். வருகிறவன் குனிந்து பார்த்ததும் வெட்டிய வயரையும் டேப்பையும் கண்டுபிடிப்பான். பேயைவிட அதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது. இப்படியும் ஒரு மனுஷன்! கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜாக்கி போட்டுத் தூக்கி, முட்டுக் கட்டை வைத்து, முதுகில் சாக்கை விரித்துக் காடிக்கு அடியில் நுழைந்தான்.

டார்ச் வெளிச்சத்தில் புகைக்குழாய் தெரிந்தது. திருகைச் சுற்றி மைபோல் கரி அப்பியிருந்தது. இந்த வழியாகத்தான் கசிந்திருக்கிறது. பார்க்கக் கூசி முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது? மேலே அவர் உட்கார்ந்திருந்த சீட்.

ஸ்பானரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தான். பலமே வேண்டியிருக்கவில்லை. சென்சார் கையோடு வந்தது. அதன் இரும்பு விரலைச் சுட்டது, சூட்டினால் அல்ல. பிடித்த விரல்களின் தோல் அதில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுக்க வேண்டியிருந்தது.

மேலே ஸ்பிரிங் முனகியது.

யாரோ சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் வருகிற முனகல். அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்த தகரம் மெல்லக் கீழே தணிந்து, நின்றது.



"தம்பி."

ஏற்றிய கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கோபமே இல்லாத குரல். ஆபீஸ் மனுஷர்களின் மரியாதையான, தணிந்த குரல்.

"தம்பி... குளிருது."

"ஐயா" என்று சொல்ல வாயெடுத்தான். அழுகைதான் வந்தது. பயத்தால் வந்ததில்லை அது. திட்டியிருக்கலாம், கழுத்தை நெரித்திருக்கலாம், அப்படிச் செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். சிரித்துப் பேசிச் சாவுக்கு அனுப்பியவனிடம் வந்து, குறை சொல்லக்கூடத் தயங்குகிற மாதிரி அல்லவா சொல்கிறார்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தான். பழைய சென்சாரின் இரண்டு வெள்ளை வயர் முனைகளில் மீட்டரை வைத்தான். முள் கடைசிவரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது, உள்ளே இன்னும் ஷார்ட்தான். புதுசில் வைத்தான். முள் எழுந்து சரியான இடத்தில் நின்றது. உயிர் இருக்கிறது. காடிப் பக்கம் தொங்கிய வயரின் டேப்பை உரித்து, முனையைச் சுரண்டி, புதுச் சென்சாரின் வயரோடு இணைத்து நெரித்து, மேலே உறை மாட்டினான். சென்சாரைக் குழாயில் மாட்டும் முன் சோதிக்க வேண்டும். வெளியே தவழ்ந்து வந்து பேட்டரியைத் தூக்கி வைத்துக் கேபிள்களை முடுக்கினான். சாவி திருப்ப டிரைவர் பக்கக் கதவைத் திறந்துதான் ஆகவேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு திறந்தான். கையை மட்டும் உள்ளே நீட்டினான். மணிக்கட்டுவரை ஐஸ் தண்ணீரில் விட்டதுபோல் இருந்தது. காடியிலேயே கிடந்த சாவி ஒரு சுற்று. எஞ்சின் உறுமிப் பிடித்தது. டேப் ரெக்கார்டரும் தானாக உயிர் பெற்று, பாதியில் நின்றுபோயிருந்த தேவாரம் மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தது.

சட்டென்று ஐயா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. "வீட்டில எந்த நேரமும் டீவிச் சத்தம் தம்பி. இவ பின்னேரம் கண்ணயர்ந்தாப் பிறகு நான் காடிக்குள்ள வந்து தேவாரம் கேக்கிறனான். ஒருத்தருக்கும் தெரியாது." குறும்பு செய்த பையன்போலக் கண்ணைச் சிமிட்டிச் சொன்னார்.

ஒருத்தருக்கும் தெரியாது. பக்கிரிசாமிக்கு மட்டும் தெரியும். சாத்திய கராஜுக்குள் அவர் ஏன் இருந்தார் என்று ஊரெல்லாம் கேட்ட கேள்விக்குப் பதில் அவன் வாய்க்குள் இருந்தது. அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டல்லவா இத்தனை நாள் திரிந்தான்!

மறுபடி அடியில் நுழைந்தான். புதுச் சென்சாரின் முனைக்கு அருகில் விரலைக் கொண்டுபோனான். மெல்ல மெல்லச் சூடு வந்தது. ஹீட்டர் வேலை செய்கிறது. எஞ்சினை நிறுத்தி, புது வாஷர் போட்டு, இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். திரும்ப ஸ்டார்ட் செய்து வெளியில் நின்று பார்த்தான். எஞ்சின் சத்தம் தடுமாறாமல் சீரானது. கண்ணாடிகளில் பனித்திருந்தது கீழிருந்து மேலாக விலகியது. மஞ்சள் வெளிச்சமும் இல்லை.

சீட் காலி.

பழைய சென்சாரையும் வெட்டிய வயர்த் துண்டுகளையும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எஞ்சினை அணைத்து வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது, கேட்டுக்குள் ஈப்போ நம்பர் போட்ட காடி ஒன்று நின்றது.

"தம்பி, இஞ்ச ஒருக்கா வாங்கோ" என்று வாசலிலிருந்து கமலாம்பிகை கூப்பிட்டார்.

முன்னறையில் வருங்காலச் சம்பந்தி ஆனந்தராஜா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி பத்மாவதி. அவர்கள் முன்னால் வைத்த கோப்பியை இருவரும் தொடவில்லை. முறிக்க வந்த வீட்டில் கை நனைப்பார்களா? புஷ்பராணி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"இவர்தான் காடி பாக்கிறவர்" என்றார் கமலாம்பிகை. குரல் கெஞ்சியது. "நீங்களே சொல்லுங்கோ தம்பி. காடியில ஏதும் பிழை இருந்ததோ? உண்மையைச் சொல்லுங்கோ, இல்லையெண்டா இல்லையெண்டு சொல்லுங்கோ."

எல்லாரும் பக்கிரிசாமியைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் வெட்டிய வயர் நெஞ்சைக் குத்தியது. இப்போது சொல்ல வேண்டும். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

"இருந்துச்சும்மா" என்றான். "பொகக் கொழாய்ல ஒரு சென்சார். அதுக்குப் போற வயரு... தானா கழண்டு போயிருந்துச்சு. அதான் வெசப்பொக உள்ள வந்திருக்கு. ஐயாவா ஒண்ணும் செஞ்சுக்கல."

பாதி உண்மை. எந்தப் பாதி தன்னைக் காப்பாற்றுமோ அந்தப் பாதியைப் பொய்யாக்கிக்கொண்டான்.

"கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க என்ன செய்தவர்?" என்று கேட்டார் ஆனந்தராஜா.

"தேவாரம் கேக்கத்தாங்க. அம்மா தூங்குற நேரமாப் பாத்து ஒக்காந்து கேப்பாரு. மழையில சாரல் அடிக்கும்னு கதவச் சாத்தியிருப்பாரு. இப்பக்கூட டேப்பு உள்ளதான் இருக்கு, போயிப் பாருங்க."

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு வீறிடல்.

"அம்மா! அப்பா எங்களை விட்டுட்டுப் போகேல்லையம்மா!"

புஷ்பராணி ஓடிவந்து தாயின் மடியில் விழுந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுத அழுகையைப் பக்கிரிசாமியால் நின்று பார்க்க முடியவில்லை. பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தராஜா ஆறிப்போன கோப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்து முடித்தார். அந்தக் கிளாஸ் காலியாகி மேஜையில் உட்கார்ந்ததும் கலியாணம் முறியவில்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

புஷ்பராணி எழுந்து வந்து பக்கிரிசாமிக்கு முன்னால் கைகூப்பினாள். "எங்கட மானத்தைக் காப்பாத்தினீங்கள் அண்ணை. சாகும்வரைக்கும் மறக்கமாட்டன்."

அடிக்கலாம், காறித் துப்பலாம். கும்பிட்டுவிட்டாளே! பக்கிரிசாமி கூனிக் குறுகிப்போனான். "வேணாம்மா, கும்பிடாதம்மா" என்று பின்னால் நகர்ந்தான். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டு கமலாம்பிகையும் கைகூப்பினார்.

கராஜிலிருந்து ஹாரன் ஒரு தடவை அடித்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "பேட்டரி மாட்டுனேன்ல, எங்கயாச்சும் ஷார்ட்டா இருக்கும்" என்றான் பக்கிரிசாமி. பொய்க்குமேல் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆனந்தராஜா எழுந்தார். "தம்பி, இதை வீட்டுக்குள்ள சொன்னாக் காணாது. ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் குடுங்கோ, இண்டைக்கே. நாளைக்கு அந்த மனுசன்ர பேரை ஒருத்தரும் வாயில போடக் கூடாது."

"போறேங்க" என்றான்.

மழை விட்டதும் கிளம்பினான். வழியில் ஒரு பெரிய சாக்கடை வந்தது. வண்டியை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்த சென்சாரையும் வயர்த் துண்டுகளையும் அதில் போட்டான். தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. இனி வயர் தானாகவே கழன்றது, அவ்வளவுதான். செத்தவர் பேருக்கும் பழுதில்லை, தன் பேருக்கும் பழுதில்லை. யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி நியாயம் பேசிக்கொண்டே ஸ்டேஷன்வரைக்கும் போய்ச் சேர்ந்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மட்டும் பிடிக்கவில்லை.

ஸ்டேஷனில் கூட்டமில்லை. மேஜைக்குப் பின்னால் ரோஹானா என்ற இளம் போலீஸ்காரி உட்கார்ந்திருந்தாள். எதிர் நாற்காலியைக் காட்டினாள். பக்கிரிசாமி உட்கார்ந்து தான் யார், எந்தக் காடி, எந்தச் சாவு என்று மலாயில் சொன்னான். அவள் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டாள்.

"சரி, காடிக்கு என்ன கோளாறு?"

"சென்சாருக்குப் போகிற வயர்..." பக்கிரிசாமி மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அது தானாகவே..."

ரோஹானா பேனாவை நிறுத்தினாள். நிமிர்ந்து அவன் தோளுக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. அவசரமாக எழுந்து சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து அவன் பக்கத்தில் போட்டாள்.

"என்ன அண்ணே நீங்கள், பெரியவரை நிற்க வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உட்கார்ந்துகொண்டீர்களே" என்று மெதுவாகக் கடிந்துகொண்டாள். பிறகு யாரையோ பார்த்து மரியாதையாகத் தலை சாய்த்து, "உட்காருங்கள் பாக்சிக்" என்றாள். வயதானவர்களை மலாய்க்காரர்கள் கூப்பிடுகிற முறை அது.

பக்கிரிசாமி திரும்பிப் பார்க்கவில்லை.

பக்கத்து நாற்காலியின் பிரம்பு மெல்ல நெரிந்து அடங்கியது.

அவன் எழுந்து நின்றான். கால் தானாகவே எழுந்தது. அவர் உட்கார்ந்திருக்கும்போது தான் உட்கார்ந்திருக்க அவனால் முடியவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டான்.

"வயர் தானாகக் கழன்றதா?" என்று ரோஹானா பேனாவை எடுத்தாள்.

"இல்லை. நான்தான் வெட்டினேன்."

முதல் வார்த்தை வந்தபிறகு மற்றது நிற்கவில்லை. இந்த வெயில் ஊரில் ஹீட்டர் எதற்கு என்று சிரித்தது, பல்பைப் பிடுங்கியது, அரைகுறையாக முறுக்கியது, புதுச் சாமான் வந்த பிறகும் சோம்பேறியாக இருந்தது, போலீஸிடம் பொய் சொன்னது, கொஞ்ச நேரத்துக்கு முன் சாக்கடையில் போட்டது, அந்தப் பெண்ணின் கும்பிடை வாங்கிக்கொண்டு வாய் மூடி நின்றது எல்லாவற்றையும் சொன்னான். வெட்கம் காதுவரைக்கும் ஏறி எரிந்தது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது, துடைத்துக்கொள்ளவில்லை. ரோஹானாவின் முகம் இறுகிக்கொண்டே போனது. எதையும் விடாமல் எழுதினாள்.

முடிந்ததும் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டப் போனவள், ஏதோ நினைத்துக்கொண்டதுபோல் நிறுத்தி, பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"பாக்சிக், இவர் சொன்னது சரிதானா? ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?"

பக்கிரிசாமிக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ரோஹானா மட்டும் தலையைச் சற்றுச் சாய்த்து, பதில் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சரி என்று தலையசைத்து, கடைசி வரிக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதினாள்.